கரிக்காத தண்ணீர்

“அன்புள்ள அக்காவுக்கு ராக்கு எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள் நலமா. இங்கே தண்ணி கிடைத்துவிட்டது. ஏரிக்குள் ஊத்து தோண்டினேன். இரண்டரை முழத்தில் தண்ணி. கரிக்கவே இல்லை. நம் ஊர் ஊத்தைவிட ருசி. வரிசையில் எல்லோரும் நம் ஊத்தில்தான் எடுக்கிறார்கள். இன்று ஞாயிறு, அவருக்கு லீவு. கவலைப்பட வேண்டாம்.”

நீல நிற உள்நாட்டுக் கடிதத்தாள் அது. மூக்கருகே கொண்டுபோனால் இப்போதும் லேசாகக் கருவாட்டு வாடை அடிக்கிறது. பெரியம்மா அதைச் சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், சமையலறைத் தகரப்பெட்டி ஒன்றில் இத்தனை ஆண்டுகளாகப் போட்டு வைத்திருந்தாள். சொற்கள் என் அம்மாவுடையவை, எழுத்து என்னுடையது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல, பேச்சில் வந்ததை எல்லாம் பள்ளிக்கூடத்துத் தமிழுக்கு மாற்றி எழுதுவது அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. தாளின் வலப்பக்க மேல்மூலையில், பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி தேதி போட்டிருக்கிறேன். நாளும் மாதமும் தெரிகின்றன, மே 11. ஆண்டின் கடைசி எண் மடிப்பில் கிழிந்துபோயிருக்கிறது. நாட்காட்டிகளைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பத்தாண்டில் மே 11 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது 2003இலும் 2008இலும் மட்டுமே. 2008இல் நான் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டேன், அந்த ‘லைன்’ வீட்டிலும் நாங்கள் இல்லை. ஆகவே 2003.

தேதிகளைச் சரிபார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்தக் கடிதத்தின் ஆண்டைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஆகவில்லை. இதற்குப் பிறகு பதினெட்டு நாட்களில் நடந்ததைச் சரிபார்க்க ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

நாங்கள் ஓசூருக்கு வந்தது 2002 ஜூனில். அப்பா ஓராண்டு முன்னதாகவே வந்து, ஜூஜுவாடிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ‘காண்ட்ராக்ட்’ ஆளாகச் சேர்ந்திருந்தார். அவர் பிடித்து வைத்திருந்த வீடு, ஒரே கூரையின் கீழ் எட்டு அறைகளாகத் தடுக்கப்பட்ட வரிசையின் கடைசி அறை. சிமென்ட் சீட்டுக் கூரை, எட்டு குடும்பங்களுக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறை, முன்வாசலில் ஒரே ஒரு குழாய். அந்த வரிசையில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். முதல் வீட்டுக்காரி ‘ஒன்னாம் நம்பர்’. அம்மா ‘எட்டாம் நம்பர்’. நான் ‘எட்டாம் நம்பர் பாப்பா’.

அம்மாவுக்கு அங்கே எதுவும் பிடிபடவில்லை. ஆனி மாதத்திலும் அடிக்கும் அந்தக் குளிருக்கு அவளிடம் ஒன்றும் இல்லை. சேலைக்கு மேல் அப்பாவின் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாத்திரம் துலக்குவாள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று முதல் வாரம் முழுக்க வாசலில் நின்று பார்த்தாள். எங்கள் ஊரில் காற்றை வைத்துத்தான் மணி சொல்வார்கள், வலை எடுப்பார்கள், கருவாடு காயப் போடுவார்கள். இங்கே காற்று எல்லாத் திசையிலிருந்தும் வந்தது, எந்தச் சேதியையும் கொண்டுவரவில்லை. கடையில் ஒருவர் கன்னடத்தில் விலை சொன்னார், காய்க்காரி தெலுங்கில் பேரம் பேசினாள், பேருந்து நடத்துனர் இரண்டையும் கலந்து சத்தம் போட்டார். நான் மூன்று மாதத்தில் தெருவிலிருந்தே இரண்டையும் பொறுக்கிக்கொண்டேன். அம்மாவோ, என்னைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் கடைக்குப் போகமாட்டாள். பத்து வயதில் நான் என் அம்மாவுக்கு வாயாகவும் காதாகவும் இருந்தேன். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

தண்ணீர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானம். அந்த ஆண்டு மழை இல்லை. குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும். குடங்களை வீட்டு எண் வரிசையில்தான் வைக்க வேண்டும் என்பது அந்த லைனின் சட்டம். ஒன்றாம் எண்ணில் தொடங்கி ஏழாம் எண்ணுக்கு வரும்போது குழாய் மூக்கு ஒழுகுவதுபோல் ஒழுகும். எட்டாம் எண்ணுக்கு வெறும் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும். அப்போது யாராவது ஒரு பேச்சு விடுவார்கள்.

“இன்னா எட்டாம் நம்பரு, உங்கூர்ல கடலே கீதாமே? வர்றப்ப ஒரு கொடம் மொண்டுக்கினு வந்திருக்கலாமில்ல!”

“கொண்டாந்திருப்பேன்த்தா, ஒங்க கொழம்புக்கு உப்பு வாங்குற செலவு மிச்சமாயிருக்கும்” என்பாள் அம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். உள்ளே வந்து காலிக்குடத்தைச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள்.

அவளோடு சிரிக்காமல் பேசிய ஒரே ஆள் ஏழாம் வீட்டுக் கோவிந்தம்மா. ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவள். விதைத்த நிலக்கடலை இரண்டு ஆண்டு முளைக்காமல் போனதால் கணவன் இங்கே லோடு ஏற்றும் வேலைக்கு வந்திருந்தார். அவளுக்கு ஒரே பெண், காவியா, நான்கு வயது. கோவிந்தம்மா வீட்டு வேலைக்குப் போகும் காலை நேரங்களில் காவியா எங்கள் அறையில்தான் கிடப்பாள். ஆறு மாதத்துக்குள் அவள் வாயில் அம்மாவின் பேச்சு ஒட்டிக்கொண்டது. “இங்கிட்டு வாத்தா, அங்கிட்டுப் போகாத” என்று கோழிக்குஞ்சுகளை அவள் மிரட்டும்போது கோவிந்தம்மா தலையில் கை வைத்துக்கொள்வாள். “யக்கா, எம் பொண்ண முழுசா ராம்நாட்டுக்காரி ஆக்கிட்டியேக்கா! இத இட்டுக்கினு ஊருக்குப் போனா எம் மாமியா என்னத்தான் கேப்பா, யார் ஊட்டுக் கொயந்தடி இதுன்னு.”

2003 கோடையில் குழாய் ஒரு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் அம்மா என்னையும் காவியாவையும் கூட்டிக்கொண்டு, லைனுக்குப் பின்னால் கால் மணி நடையில் இருந்த ஏரிக்குப் போனாள். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. வற்றிக் கிடந்தது. நடுவில் பாளம் பாளமாக வெடித்த களிமண், ஓரமெல்லாம் காட்டாமணக்கு. வடக்குக் கரையில், ஓடை ஒன்று ஏரிக்குள் இறங்கும் வாயில், விசிறி விரித்தாற்போல மணல் படிந்திருந்தது. அம்மா அந்த மணலைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஓராண்டாகத் தெரியாத முகங்களுக்கு நடுவில் நின்றவள் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டதுபோல் இருந்தது அது.

எங்கள் கடலோரத்தில் குடிநீர் என்றால் ஊற்றுதான். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மணல் மேட்டுக்குப் பின்னால் பெண்கள் தோண்டுவார்கள். எங்கே தோண்டுவது என்பதற்குக் கணக்கு உண்டு. களியில் தோண்டக்கூடாது, மணலில்தான் தோண்டவேண்டும், ஏனென்றால் மணல் தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கும். மாலையில் தோண்டி, இரவெல்லாம் தெளியவிட்டு, விடிந்ததும் முதல் மூன்று சிரட்டைத் தண்ணீரைக் கரையில் ஊற்றிவிடுவார்கள். நான்காவதை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கரித்தால் குழியை மூடிவிட்டு வேறிடம். கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். தோண்டியவளுக்கு ஊற்று சொந்தம், முதலில் மொள்ளும் உரிமை அவளுடையது, அடுத்து யார் என்று சொல்லும் உரிமையும் அவளுடையது. தண்ணீரில் கெடுதல் என்று ஒன்று இருந்தால் அது உப்பு. அந்த ஊரில் நாக்குக்குத் தெரியாத கெடுதல் கிடையாது.

அம்மா மண்வெட்டி இரவல் வாங்கி ஓடை வாயில் மணலில் தோண்டினாள். இடுப்பளவு இறங்குவதற்குள் அடியில் ஈரம் கசிந்தது. மறுநாள் காலை நாங்கள் மூவரும் போனபோது குழிக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், அடி தெரியும் தெளிவோடு நின்றது. அம்மா முறைப்படி மூன்று சிரட்டையைக் கரையில் ஊற்றினாள். நான்காவதை வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஓசூருக்கு வந்து பதினோரு மாதம் கழித்து, கிண்டலுக்குப் பதிலாக இல்லாமல் அவள் தானாகச் சிரித்தது அன்றுதான்.

“கரிக்கவே இல்லடீ!”

ஒரு வாரத்தில் எட்டு வீட்டிலிருந்தும் குடங்கள் ஏரிக்கு வந்தன. குழாயடியில் அம்மாவைக் கேலி செய்த வாய்கள் எல்லாம் இப்போது “யக்கா, யக்கா” என்றன. ஊற்று அம்மாவுடையது, வரிசையும் அம்மாவுடையது. அவள் எண் வரிசையைத் தலைகீழாக்கினாள். எட்டுக்குப் பின் ஏழு, ஏழுக்குப் பின் ஆறு. ஒன்றாம் வீட்டுக்காரி கடைசியில் நின்றுகொண்டு, “ஒன் ராஜ்ஜியம் நடக்குது எட்டாம் நம்பரு, நடத்து” என்று முணுமுணுத்தபோது அம்மா குனிந்து மொண்டுகொண்டே, “பேரு ராக்கும்மா. நம்பரு இல்ல” என்றாள். அன்றிலிருந்து அந்த லைனில் பெயரால் அழைக்கப்பட்ட முதல் ஆள் அம்மா.

எல்லோருக்கும் முந்தி, தன் குடத்துக்கும் முந்தி, கரையில் ஊற்றாமல் வைத்த முதல் சிரட்டைத் தண்ணீரை அவள் காவியாவின் வாயில் வைப்பாள். ஊரில் ஊற்றுக்குக் கூட வரும் சிறுபிள்ளைக்கு அப்படித்தான் செய்வார்கள். காவியா இரண்டு கையாலும் சிரட்டையைப் பிடித்துக் குடித்துவிட்டு, “கரிக்கல” என்று தீர்ப்புச் சொல்வாள். பெண்கள் அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள். எனக்கும் அடுத்த சிரட்டை கிடைக்கும். அந்தத் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. இதைத் தவிர அதைப் பற்றி என் நாக்கில் வேறு சாட்சியம் இல்லை.

இப்போது நாராயணம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் அந்த லைனின் சொந்தக்காரர், உள்ளூர் விவசாயக் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, எங்களோடு தமிழ். முன்பக்கத்தில் அவருடைய மெத்தைவீடு இருந்தது. மாலையில் அங்கே தொலைக்காட்சி பார்க்க நான் போவேன். மே மாத முதல் வாரத்தில் ஒருநாள் அவர் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“ஏ பாப்பா, உங்கம்மா ஏரில குழி எடுத்திருக்காளாமே? வேணாம்னு சொல்லு. அந்த ஓடை மேல எங்கெங்கயோ இருந்து வருது. எங்க மாடுங்க ரெண்டு வருசமா அதுல வாய் வைக்கல. கிட்ட போயி மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினு வந்துடுது. மாடு குடிக்காத தண்ணிய மனுசங்க குடிப்பாங்களா? மறக்காம சொல்லு.”

நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அம்மா கோவிந்தம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அறையில் நிறைந்த இரண்டு குடங்களும் இருந்தன. நான் நின்றேன். பிறகு இப்படிச் சொன்னேன்: “ஓனரம்மா ஏரிப் பக்கம் போக வேணாம்னு சொன்னாங்க.”

அவ்வளவுதான். மாடுகளைச் சொல்லவில்லை. ஓடையைச் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏன், ஏரி அவுக அப்பன் வீட்டுச் சொத்தாக்கும்? குழாய்ல தண்ணி விடத் துப்பில்ல, நாம மண்ணத் தோண்டிக் குடிக்கிறதும் பொறுக்கலையோ?”

“உடுக்கா” என்றாள் கோவிந்தம்மா. “ஊட்டுக்காரங்கன்னா அப்டித்தான். வீசற காத்து கூட அவங்களுதும்பாங்க.”

நான் ஏன் மீதியைச் சொல்லவில்லை என்பதற்கு வெவ்வேறு வயதில் வெவ்வேறு காரணங்களை எழுதி வைத்திருக்கிறேன். அவற்றை இப்போது படித்தால் எல்லாமே வக்கீல் பேச்சாகத் தெரிகிறது. உண்மை சிறியது. அம்மா மறுபடியும் காலிக்குடத்தின் மேல் உட்காருவதை நான் பார்க்க விரும்பவில்லை. மாடு என்ன பெரிய மாடு என்றும் நினைத்தேன். இரண்டும் சேர்ந்துதான் இருந்தன. நான்கைந்து நாள் கழித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் “நம் ஊர் ஊத்தைவிட ருசி” என்று அம்மா சொன்னதை, தெரிந்தே, பிழையில்லாமல் எழுதினேன்.

மே 27, செவ்வாய் மாலை காவியாவுக்கு வாந்தி எடுத்தது. இரவில் வயிறும் போகத் தொடங்கியது. புதன் காலை பக்கத்து டாக்டரிடம் ஊசி போட்டு வந்தார்கள். நடுப்பகலுக்குள் அவள் கண்கள் உள்ளே போய்விட்டன, கிள்ளிய தோல் அப்படியே நின்றது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அம்மாதான் கூடப் போனாள். வியாழக்கிழமை விடிந்து, வெயில் ஏறும் நேரத்தில் காவியா இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை என்று அம்மா எப்போதும் சொல்வாள். ஒரு நர்ஸ் கடைசிவரை காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாராம்.

அங்கிருந்தே வேன் பிடித்து ஊத்தங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அம்மா மட்டும் டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தாள். கையில் காவியாவின் ஒற்றைச் செருப்பு இருந்தது. இன்னொன்று ஆட்டோவில் விழுந்திருக்க வேண்டும்.

லைனில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏரிக்கு ஒரு குடமும் வரவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முந்தைய நாள் மொண்ட தண்ணீர் கொட்டப்பட்டு, மண் கறுத்துக் கிடந்தது. எட்டு வாசலில் ஆறு வாசல் ஈரம், பூட்டிக் கிடந்த ஏழாம் வாசலும் எங்கள் வாசலும் மட்டும் காய்ந்து கிடந்தன. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வரிசை முழுக்க நடந்தாள். பிறகு ஏரிக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். ஊற்றில் தண்ணீர் எப்போதும்போலத் தெளிவாக நின்றது. அம்மா குனிந்து ஒரு சிரட்டை மொண்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். மறுபடி மொண்டாள். மறுபடி வைத்தாள்.

“உப்பு இல்லையேடி” என்றாள் என்னைப் பார்த்து. “நீ பாரு. உப்பே இல்லையே.”

எத்தனை முறை அப்படிச் செய்தாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், எட்டு வரை எண்ணினேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பிறகு அவள் கையாலேயே மணலைத் தள்ளிக் குழியை மூடினாள். மண்வெட்டி எடுத்து வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள்.

அன்று மாலை நாராயணம்மா வேலியோரம் என்னை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, “சொன்னியா பாப்பா, அன்னிக்கு?” என்றார்.

“சொன்னேன்” என்றேன்.

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். “சரி போ” என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடமோ, எனக்குத் தெரிந்து வேறு யாரிடமோ பேசவில்லை. அவர் வாய் திறந்துவிடுவாரோ என்று அந்த ஆண்டு முழுக்கப் பயந்தேன். பின்னாளில், அவர் திறந்திருக்கக் கூடாதா என்று அதைவிடக் கூடுதலாக ஏங்கியிருக்கிறேன்.

நான்காம் நாள் கோவிந்தம்மா சாமான்களை எடுக்க வந்தாள். அறையைக் காலி செய்து மூட்டை கட்டியபின் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அம்மா உள்ளே வா என்றாள், அவள் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டாள்.

“ராக்கக்கா, ஒன்னு கேட்டா கோவிச்சிக்க மாட்டியே. அந்தத் தண்ணிதானாக்கா?”

அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். “நானும் அதத்தான் குடிச்சேன்த்தா. எம் பிள்ளையும் அதத்தான் குடிச்சுச்சு.”

“அது தெரியும்க்கா. அதனாலதான் உன்கிட்ட கேக்கறன். உனுக்குத்தான் தண்ணி பத்தித் தெரியும்.”

கோவிந்தம்மா சண்டை போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். வெளியே அவள் கணவன் இரண்டு முறை கூப்பிட்டார். “வரன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அம்மாவுக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்தேன். அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை.

நேர்மையாக எழுதுவதென்றால் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். அந்தத் தண்ணீரை எட்டு வீட்டிலும் சுமார் ஒரு மாதம் குடித்தோம். வேறு யாருக்கும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் வீட்டில் இருவருக்கு வயிற்றுவலி வந்து சரியானது. வாந்தி எடுத்ததற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை, தெருவில் வந்த வண்டியில் காவியா குச்சி ஐஸ் வாங்கிச் சாப்பிட்டாள், நானும் உடன் இருந்தேன், நான் சாப்பிடவில்லை. அந்தக் கோடையில் அந்தப் பகுதியில் வேறு பிள்ளைகளுக்கும் வயிறு போனதாகப் பேச்சு இருந்தது. அப்பா ஒரு பாட்டிலில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, கம்பெனிச் சோதனைக்கூடத்தில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருந்தார். அம்மா குழியை மூடுவதற்கு முன் எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. இரண்டு முறை கேட்டார், பார்க்கலாம் என்றார்களாம். பிறகு காண்ட்ராக்ட் மாறி அவர் வேறு கம்பெனிக்குப் போனார். அந்த பாட்டிலைப் பற்றி அவர் பேசியதே இல்லை. இப்போது அவரும் இல்லை.

அம்மா அதற்குப் பின் எந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னதில்லை. கொதிக்க வைப்பாள். ஆறியதும் மறுபடி கொதிக்க வைப்பாள். விருந்தாளிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கவும் என்னையோ, பின்னால் பிறந்த தம்பியையோ கூப்பிடுவாள், தன் கையால் கொடுக்கமாட்டாள். பள்ளிக்கூடம் திறந்தபோது குழாயடியில் அவள் மறுபடி எட்டாம் நம்பர் ஆகிவிட்டிருந்தாள். கேலி மட்டும் இல்லை. எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள், அது கேலியைவிட மோசமாக இருந்தது. அடுத்த ஆண்டு வேறு வீட்டுக்கு மாறினோம்.

நாராயணம்மா இறந்துவிட்டார். மாடுகளைப் பற்றி அவர் மகனிடம் கேட்டேன். அந்த ஆண்டு மாடே இருந்ததாக நினைவில்லை, முன்னாலேயே விற்றுவிட்டோம் என்றார். தவிடு கலந்த கை என் கண்முன் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியதை நினைவு சொல்லும் என்பதால், அவர் சொன்னதையும் இங்கே குறித்துவைக்கிறேன். லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி, வடக்கிலிருந்து வந்த பையன்கள் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு. ஏரியில் பாதி லாரிகள் நிற்கும் திடல், மீதியில் வீட்டுமனைக் கற்கள். ஓடை வாயில் மணல் ஒரு பிடிகூட இல்லை, அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மாவுக்கு இப்போது சர்க்கரை, கண் மங்கல். என்னோடுதான் இருக்கிறாள். நாராயணம்மா சொன்னது முழுவதையும் அவளிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

சென்ற ஆண்டு ஊத்தங்கரைக்குப் போனேன். கோவிந்தம்மாவின் ஊர்ப் பெயர் எனக்குச் சரியாக நினைவில்லை, மூன்று ஊர்களில் விசாரித்தேன். மூன்றாவது ஊரில், பேருந்து நிறுத்தத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, “ஓசூர்ல இருந்து வந்தவங்கதான, கோவிந்தம்மாதான? திருப்பூருக்குப் போயிட்டாங்க. அப்பறம் ஒரு பொண்ணு பொறந்துது, இப்ப காலேஜு படிக்குது” என்றாள். கணவன் பெயரைக் கேட்டேன், தெரியவில்லை என்றாள். அந்தப் பெயரில் இரண்டு பேர் அந்த ஊரில் இருந்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். மேற்கொண்டு விசாரித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், கோவிந்தம்மா நன்றாக இருக்கிறாள், மகள் பிறந்து கல்லூரியில் படிக்கிறாள் என்று, நேரில் பார்த்துவிட்டு வந்தவளைப் போலச் சொன்னேன். அம்மா கண்ணைச் சுருக்கி என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

“தண்ணி எங்க எடுக்குறாளாம்?”

கோவிந்தம்மாவுக்கு ஒரு மகள் பிறந்தாள் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படாத செய்தி.